குண்டு அச்சும் முப்படி விதியும்

நாணயம், தபால் தலை சேர்ப்போரைப் போலவே, பழங்காலத் துப்பாக்கிகளுக்குக் குண்டு வார்த்த அச்சுகளைச் சேர்த்து ஒப்பிடுவோரும் மேல்நாடுகளில் உண்டு. பாக்குவெட்டி போன்ற கருவி அது. அதன் இரு தாடைகளிலும் அரைக்கோளக் குழிகள் இருக்கும். தாடைகளை மூடி, உருகிய ஈயத்தை ஊற்றினால் உருண்டையான குண்டு கிடைக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுவதால் விறகு நெருப்பே போதும்.

இரண்டு அச்சுகளை ஒப்பிடுவது எப்படி? வெர்னியர் காலிப்பரால் குழியின் விட்டத்தை அளக்க வேண்டும். அதனால் என்ன தெரியும்?

1760-61இல் ஆங்கிலேயர் நம் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அக்காலப் பிரெஞ்சுத் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 17.5 மி.மீ.; அதற்கான குண்டு 16.5 மி.மீ. ஆங்கிலேயரின் குழல் ஏறத்தாழ 19 மி.மீ.; குண்டு 17.5 மி.மீ. குண்டுகளுக்குள் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். கோளத்தின் கனஅளவு அதன் விட்டத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயத்தின் நிறை 11.3 கிராம். கணக்கிட்டால் பிரெஞ்சுக் குண்டு சுமார் 27 கிராம். ஆங்கிலக் குண்டு சுமார் 32 கிராம். விட்டம் 6 சதவீதம் கூடினால் நிறை 19 சதவீதம் கூடிவிடுகிறது!

ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுக் குழலில் இறங்காமல் சிக்கிக்கொள்ளும். பிரெஞ்சுக் குண்டோ ஆங்கிலக் குழலில் தளர்வாக உருளும். வெடிமருந்தின் வாயு பக்க இடைவெளியில் கசிந்துவிடுவதால் வேகம் குறையும். குண்டு மாறினால், துப்பாக்கி ஏந்திய வீரனும் வெறுங்கையனே.

உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், ஈயமும் நஞ்சு. எனவே நாம் அளவீட்டோடு நிற்போம். சிறிதும் பெரிதுமான கண்ணாடிக் கோலிகளை அளந்து, எடையும் போட்டு, முப்படி விதியைச் சோதித்துப் பாருங்கள்.