நாலாயிரம் வருஷத்துக் குடும்பச் சண்டை

எகிப்து என்றதும் நமக்கு எது நினைவுக்கு வருகிறது? வானளாவிய பிரமிடுகள், பொன் முகமூடி அணிந்த டூட்டன்காமன். ஆனால் அந்த நாட்டுக் குடும்பங்களில் யாருக்கு எவ்வளவு படி அளந்தார்கள், எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்று பிரமிடு சொல்லுமோ? சொல்லாது. அதைச் சொல்லச் சில பழைய கடிதங்களும் ஒரு நாவலும் இருக்கின்றன.

1921-22 குளிர்காலத்தில், நியூயார்க் மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த ஹெர்பர்ட் வின்லாக், நைல் நதியின் மேற்குக் கரையில் டெய்ர் எல் பாஹ்ரி என்ற இடத்தில் புதைபொருள் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சிறு சமாதியில் பாப்பிரஸ் கடிதங்கள் சில அகப்பட்டன. சுமார் 4000 வருஷங்களுக்கு முன் ஹெகநக்த் என்பவர் எழுதியவை அவை. அவர் சமாதிகளில் படையலிடும் பூசாரி, விவசாயியும்கூட.

வெளியூர் சென்றிருந்த அந்த மனிதர் வீட்டுக்கு எழுதுவதைக் கேளுங்கள்! 'நல்ல தானியத்தை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு, உலர்ந்துபோன பழைய வாற்கோதுமையையா எனக்கு அனுப்புவது?' என்ற தோரணையில் சீறுகிறார். பஞ்ச காலமாதலால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் மாதப்படி இவ்வளவென்று கணக்குப் போடுகிறார். செல்லப் பிள்ளை ஸ்நெப்ரு கேட்டதைக் கொடுக்கச் சொல்கிறார். தாம் புதிதாகக் கொண்டுவந்த துணைவியிடம் தகாதபடி நடந்துகொண்ட வேலைக்காரியை உடனே வெளியேற்றும்படி உத்தரவு போடுகிறார்.

துப்பறியும் கதைகளுக்குப் பெயர்போன அகதா கிறிஸ்டி அம்மையாருக்கு எகிப்திய ஆராய்ச்சி நிபுணர் ஸ்டீபன் கிளான்வில் நண்பர். பண்டைய எகிப்தை வைத்து ஒரு கதை எழுதும்படி தூண்டியவர் அவர்தாம். அம்மையாரோ அவரைச் சும்மா விடவில்லை. என்ன சாப்பிட்டார்கள், வீடு எப்படி இருந்தது என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார்! இந்தக் கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு 1944-இல் வெளிவந்தது 'டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்' என்ற நாவல்.

கணவனை இழந்த இளம்பெண் ரெனிசென்ப் பிறந்தகம் திரும்புகிறாள். பூசாரியான தகப்பனார் இம்ஹோடெப், நோஃப்ரெட் என்ற இளம்பெண்ணை அழைத்து வருகிறார். வீடு இரண்டுபடுகிறது, கொலைகளும் நடக்கின்றன. 'அப்புறம் என்ன?' என்று பக்கங்களைப் புரட்டும் வாசகர், சமாதிக்கு மானிய நிலம் எதற்கு, படையல் எதற்கு என்பதையெல்லாம் தம்மை அறியாமலே கற்றுக்கொண்டுவிடுகிறார். துன்பம் நேர்ந்தால் இறந்துபோன உறவினருக்கே கடிதம் எழுதி உதவி கேட்கும் வழக்கம் கதையில் வருகிறது. இது கட்டுக்கதை அல்ல. படையல் வைத்த கிண்ணத்திலேயே எழுதிய அத்தகைய கடிதங்கள் உண்மையாகவே கிடைத்திருக்கின்றன.

கொலைகள் மட்டும் ஆசிரியையின் கற்பனை. ஆகையால் சரித்திர நாவலைப் படிக்கும்போது, சம்பவம் வேறு, வாழ்க்கை முறை வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். களஞ்சியமும் படியும் படையலும் சரித்திரம். விஷக் கோப்பை கதை.

அந்த வேலைக்காரியை வீட்டார் வெளியேற்றினார்களா? ஹெகநக்துக்கு அவர்கள் எழுதிய பதில் ஒன்றும் அகப்படவில்லை. ஆராய்ச்சியாளர் அங்கே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். நாவலாசிரியை எடுத்துக்கொள்கிறார்.