ஊர்க்காரர்களே உடைத்த விளக்கு

1513-இல் ஜெனோவா நகரத்தார் தங்கள் கலங்கரை விளக்கத்தைத் தாங்களே பீரங்கியால் அடித்தார்கள். வேறு வழியிருக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நகரத்தை அடக்கிய பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயி, விளக்கின் காலடியிலேயே ஒரு கோட்டை எழுப்பியிருந்தார். அதன் பெயர் ‘பிரிலியா’, அதாவது கடிவாளம். யாருடைய வாய்க்கு என்று விளக்க வேண்டியதில்லை. உள்ளே பிரெஞ்சுப் படை, வெளியே ஜெனோவாத் தளபதி ஆந்திரேயா டோரியாவின் ஆட்கள். இடையில் பறந்த குண்டுகளில் கோபுரத்தின் மேல்பாகம் போயிற்று. முப்பது ஆண்டுகள் மொட்டையாக நின்றதை 1543-இல் எடுத்துக் கட்டினார்கள். இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

இத்தாலியின் வடமேற்குக் கரையில், பாறைமேல் 77 மீட்டர் உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சதுரக் கோபுரங்கள். ஊரார் வைத்த பெயர் ‘லாந்தெர்னா’. நம் பாட்டிமார் திண்ணையில் மாட்டிய லாந்தர் விளக்கின் பெயருக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஊரின் இரு கால்பந்து அணிகளான ஜெனோவாவும் சம்ப்டோரியாவும் மோதும் ஆட்டத்துக்கும் அதே பெயர்தான்.

முதல் கோபுரம் 1128 வாக்கில் எழுந்தது என்பார்கள். உச்சியில் காய்ந்த புதர்ச்சுள்ளிகளைக் கட்டுக்கட்டாக எரித்தார்கள். துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களிடம் விறகுக்காசு வசூலானது. 1326-இல் ஆலிவ் எண்ணெய் விளக்கு வந்தது. 1449-இல் அதைக் காத்தவர்களில் ஒருவர் அந்தோனியோ கொலம்போ. இரண்டு ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் கொலம்பஸுக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ முறை. சகோதரர் மகனின் பெயர் உலகறிந்தது, விளக்கைக் காத்தவர் பெயர் கணக்கேட்டோடு நின்றது.

கட்டியவரை, இன்னோர் ஊருக்கு இதைப்போல் கட்டிவிடக் கூடாதென்று உச்சியிலிருந்து தள்ளிவிட்டதாக ஒரு கதை உண்டு. உயரமான கட்டடம் எங்கே இருந்தாலும் இப்படியொரு கதை முளைத்துவிடும், நான் நம்பவில்லை. மனிதரைவிட மின்னல்தான் கோபுரத்தைப் படுத்தியது. முதலில் சுவரில் கிறிஸ்துவின் பெயரால் ஒரு வேண்டுதலைப் பொறித்தார்கள். இடிதாங்கி வைத்தது 1778-இல். இரண்டையுமே வைத்துக்கொண்டதில் ஒரு வணிக நகரத்தின் முன்னெச்சரிக்கை தெரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளியைக் குவிக்கும் ஃபிரெனெல் லென்ஸ் வந்தது, 1936-இல் மின்சாரம். இதற்கிடையே பக்கத்திலிருந்த சான் பெனிக்னோ குன்றையே துறைமுகத்துக்காகவும் சாலைக்காகவும் வெட்டி எடுத்துவிட்டார்கள். கோபுரம் நிற்கும் பாறைத்துண்டு மட்டும் மிச்சம். அதைச் சுற்றி இப்போது கன்டெய்னர்களும் கிரேன்களும்.

இரவானால் 20 விநாடிக்கு ஒருமுறை இரட்டை மின்னொளி. 25 கடல் மைலுக்கு அப்பாலும் தெரியும். விளக்கு கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் 365 படி. பார்க்க வருபவர்களுக்கு 172 வரைதான் அனுமதி. முதல் மாடத்தில் நின்று கடலைப் பார்க்கலாம், மேலே விளக்கு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.