தன்மை வினையும் ‘ஆம்’ இடைச்சொல்லும்: நினைவிழந்த இளையோர் பேச்சு குறித்து

பெங்களூர் ஓசூர்ச் சாலையில், அடுகோடியை ஒட்டி அமைந்திருப்பது தேசிய மனநல நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்). பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும், 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து இந்நிறுவனம் உருவாயிற்று. தலையில் அடிபட்டோர் கருநாடகத்திலிருந்து மட்டுமன்றி ஓசூர், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் இங்குக் கொண்டுவரப்படுகின்றனர். அடுகோடியிலோ வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைகள் பலர். தெலுங்கும் தக்கனி உருதுவும் அண்டை வீட்டு மொழிகள். இத்தகைய சூழலில், விபத்தால் தன் கடந்தகாலத்தை இழந்த பதின்பருவத்தினர் ஒருவர் அதனை மீண்டும் அறிந்துகொள்ளும்போது, அவருடைய வினைமுற்றுகளே ஒரு சான்றினைத் தருகின்றன. மொழிபெயர்ப்பில் அச்சான்று அழிந்துவிடுவதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ‘நினைவு’ என்னும் சொல்லைக் கருதுவோம். தமிழில் இச்சொல் உணர்வுநிலை, ஞாபகம் ஆகிய இரண்டையும் சுட்டும். ‘நினைவு தப்பிவிட்டது’, ‘நினைவு திரும்பியது’ என்பன பெரும்பாலும் மயக்கத்தைப் பற்றியவை. கன்னடத்தில் ‘நெனபு’ ஞாபகத்தை மட்டுமே குறிக்க, உணர்வுநிலைக்குப் ‘பிரக்ஞெ’ என்ற வேறு சொல் உண்டு. ஓரினச் சொற்களாயினும் பொருட்பரப்பு ஒன்றன்று. மகனுக்கு ‘நெனபு’ வந்ததா எனக் கன்னடச் செவிலியர் கேட்கும்போது, அவன் கண் விழித்ததை எண்ணித் தமிழ்த்தாய் ‘வந்துவிட்டது’ என்று விடை கூறக்கூடும். இங்கு ‘ஞாபகம்’ என்னும் வடசொல்லே ஐயமற்றது. தூய்மை கருதி அதனை விலக்கி எல்லா இடத்தும் ‘நினைவு’ எனப் பெயர்ப்பது மருத்துவ வினாப்படிவங்களைப் பொறுத்தவரை பிழையென்றே தோன்றுகிறது.

இனி ‘ஆம்’ இடைச்சொல்லுக்கு வருவோம். ‘ஆகும்’ என்பதன் சுருக்கமான இது, வினைமுற்றின் இறுதியில் நின்று, சொல்லப்படும் செய்தி பிறர்வாய்க் கேட்டது என்பதை உணர்த்துகிறது.

(1) அவன் மாடியிலிருந்து விழுந்தானாம்.
(2) நான் மாடியிலிருந்து விழுந்தேனாம்.

(1) இயல்பான செய்தி. (2) அவ்வாறன்று. தான் செய்த வினையைத் தானே அறியாதவன் கூற்று அது. கேள்விவழிச் சான்றைக் குறிக்கும் உருபு தன்மையோடு சேரும்போது, பேசுவோன் தன்னுணர்வோ கட்டுப்பாடோ இன்றிச் செயற்பட்டான் என்னும் பொருள் தோன்றுவது பல மொழிகளில் காணப்படுகிறது. அயிக்கென்வால்டு இதனைச் சான்றுநிலை பற்றிய தமது நூலில் (2004) விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழில் மற்றொரு சிக்கலும் உண்டு.

(3) நான் திருடினேனாம்!

இது மறதியன்று, மறுப்பு. எழுத்தில் ஒரே வடிவமாக நிற்கும் இவ்விரு பொருளையும் தொனியே பிரிக்கிறது. எனவே எழுதப்பட்ட குறிப்பைவிட ஒலிப்பதிவே நம்பத்தக்கது.

மறதியாளர் அல்லாதோரும் (2) போன்ற தொடர்களை வழங்குவர். ‘நான் பிறந்த அன்று பெருமழை பெய்ததாம்’, ‘ஒரு வயதில் நான் மண்ணைத் தின்றேனாம்’ என்பன எல்லோர் வாயிலும் வருவன. ஏறத்தாழ மூன்று வயதுக்கு முற்பட்ட வாழ்க்கை அனைவருக்குமே கேள்விச் செய்திதான். அதற்குப் பின் ‘ஆம்’ உதிர்ந்து ‘விழுந்தேன்’, ‘ஓடினேன்’ என்னும் வெற்றுமுற்றுகள் தொடங்குகின்றன. தலையில் அடிபட்ட பின் முதலில் மறைவன அண்மைக்கால நினைவுகளே. பழையன நிலைக்கின்றன என்பது பிரெஞ்சு உளவியலார் ரீபோ 1881இல் கூறிய கருத்து. இதன்படி பதினாறு வயதுச் சிறுவனொருவனின் வரலாற்றில் குழந்தைப் பருவம் ஓர் ‘ஆம்’ பகுதி. பள்ளிப்பருவம் வெற்றுமுற்றுப் பகுதி. விபத்தை ஒட்டிய மாதங்கள் மீண்டும் ஓர் ‘ஆம்’ பகுதி. நாட்கள் செல்ல இறுதிப் பகுதி குறுகலாம். ஆயினும் விபத்தை ஒட்டிய கணங்கள் பெரும்பாலும் மீள்வதில்லை. (மூன்றாம் பிறை (1982) முதலிய திரைப்படங்களில் எல்லாம் ஒருசேரத் திரும்பிவிடுவது கதையின் தேவை.)

தன்னைப் பற்றி அறிந்திருத்தலும் அதனை நினைவுகூர்தலும் வெவ்வேறு என்பதை டல்விங் 1972 முதல் வற்புறுத்தி வந்தார். வர்கா-காதம் குழுவினர் 1997இல் விவரித்த, முறையே 14, 19, 22 வயதினரான மூவர் இதற்குச் சிறந்த சான்று. பிறப்பின்போதோ சிறுவயதிலோ மூளையின் ஹிப்போகாம்பசு பகுதி சேதமுற்ற இவர்கள் அன்றாட நிகழ்ச்சிகளை நினைவில் வைத்துக்கொள்ள இயலாதவர்கள். எனினும் பொதுப்பள்ளியில் பயின்று மொழியும் உலக அறிவும் பெற்றனர். ஆங்கிலம் பேசும் இவர்களிடம் ‘நினைவுகூர்கிறாயா, தெரியுமா’ எனத் தனியே கேட்டறிய வேண்டியதைத் தமிழ்ச்சிறுவன் கேளாமலே தன் வினைமுற்றில் கூறிவிடக்கூடும்.

இழப்பு நேர்வது இவ்விடத்தில்தான். 1979இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட கால்வெசுடன் சோதனை, விபத்துக்குப் பின் தொடரும் மறதியை 100 மதிப்பெண்ணால் அளப்பது. ‘இங்கு எவ்வாறு வந்தாய்’, ‘விபத்துக்கு முன் நிகழ்ந்த எதை இறுதியாக நினைவுகூர்கிறாய்’ என்பன அதன் வினாக்களுட் சில. ‘ஆம்புலன்சில் கொண்டுவந்தார்களாம்’ எனச் சிறுவன் விடையிறுக்க, உடனிருந்து மொழிபெயர்ப்பவர் ‘ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் கூறினால், செய்தி சரியாக இருக்கும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அவன் நினைவுகூரவில்லை. தாய் கூறியதைத் திருப்பிக் கூறினான். மொழிபெயர்ப்பவரைக் குறைகூறவும் இயலாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘என்று சொல்கிறார்கள்’ எனச் சேர்ப்பது நடைக்குச் சுமையென்றே அவர் பயின்றிருப்பார். வியப்பு யாதெனில், அடுகோடித் தெருமொழிகளிடையே இவ்விழப்பு நேர வேண்டியதில்லை. கன்னடத்தில் ‘அந்தெ’, தெலுங்கில் ‘அட’. திராவிட மொழிகளோடு நெடுங்காலம் பழகிய தக்கனியிலும் ‘கதே’ இப்பணியைச் செய்கிறது. கன்னடம் வழியே சென்றால் ‘ஆம்’ பிழைக்கும்; நேரே ஆங்கிலத்துக்குச் சென்றால் மறையும்.

‘ஆம்’ உதிர்வதையே நினைவு மீண்டதன் அடையாளமாகக் கொள்ளலாமா எனின், ஆகாது. பலமுறை கேட்ட கதை தன் கதையாகிவிடும். வேடு முதலியோர் 2002இல் நிகழ்த்திய ஆய்வில், சிறுவயதில் வெப்பக்காற்றுப் பலூனில் பறந்ததாகப் போலி நிழற்படம் காட்டப்பட்ட 20 பேருள் பாதிப்பேர், நிகழாத அப்பயணத்தை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தனர். மேலும், ‘உனக்கு நினைவில்லையா கண்ணா’ என்று கலங்கும் தாயின் முன் மகன் ‘விழுந்தேனாம்’ என்பதை ‘விழுந்தேன்’ என மாற்றிக்கொள்வது அன்பினாலும் இருக்கலாம். ஆகவே எந்நாளில், யார் முன்னிலையில், எந்நிகழ்ச்சி பற்றி ‘ஆம்’ நீங்கியது என்பதைக் குறித்துவைத்தல் வேண்டும். மருத்துவக் குறிப்பு ஆங்கிலத்தில் அமைந்தாலும், சிறுவன் கூறிய வினைமுற்றைத் தமிழ் எழுத்திலேயே பக்கத்தில் எழுதிவைப்பதற்கு மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வரி இடம் போதும்.