கரியும் வைரமும் பென்சிலும்

பெங்களூரில் பிழைக்க வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை நாள் என்றால் லால்பாக், கப்பன் பூங்கா, உறவினர் வீடு என்றே பொழுது கழிந்துவிடுகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லத்தக்க மற்றோர் இடத்தை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஹெப்பாள் செல்லும் பல்லாரிச் சாலையில் 'சயின்ஸ் கேலரி' என்னும் கூடம், 2024ஆம் ஆண்டு ஜனவரியில் தன் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. டப்ளின் நகரில் 2008இல் தோன்றிய கூடத்தின் வழிவந்தது. கர்நாடக அரசின் ஆதரவு பெற்றது. நுழைவுக் கட்டணம் இல்லை. பழம்பொருள்களை அடுக்கிவைக்கும் காட்சிச்சாலை அன்று இது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கலைஞரும் விஞ்ஞானியும் அதனை எவ்வாறு நோக்குகின்றனர் என ஒரே கூரையின்கீழ்க் காட்டுகின்றனர். தண்ணீர், தாவரம், தொற்றுநோய், மனம் ஆகியவை முன்னர் எடுத்தாளப்பட்டன. புதிய கட்டடத்தின் முதற்காட்சிக்குப் பொருள் 'கரிமம்'.

அவ்வாண்டில் நாம் அங்குச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. ஏழாம் வகுப்பில் பயிலும் நம் மகன், விஞ்ஞான நோட்டின் ஓரங்களிலெல்லாம் ரயில் எஞ்சின் படம் வரைந்துவைத்திருந்தான். "படமா சோறு போடும்?" என்று கடிந்து அத்தாள்களைக் கிழித்தெறிந்தோம். இரண்டு நாள் அவன் நம்மோடு பேசவில்லை. சமாதானம் செய்யவே அழைத்துச் சென்றோம்.

காட்சிகளின் அருகே நின்ற இளைஞர்கள், விடை கூறுவதோடு அமையாமல் நம்மையும் வினவினர். "நீ நாள்தோறும் கையாளும் கரிமம் எது?" என்று ஒரு பெண் கேட்க, பையன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் காட்டினான். நமக்கோ, நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட பாட்டனாரின் நினைவு எழுந்தது.

வீடு திரும்பியபின் இருவருமாக நூல்களைப் புரட்டினோம். வைரமும் பென்சிலின் கிராபைட்டும் ஒரே வகை அணுக்களால் ஆனவை, அடுக்குமுறைதான் வேறு. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களைப் பற்றி நிற்பதால் அஃது இறுகியிருக்கிறது. கிராபைட்டில் அணுக்கள் ஏடு ஏடாகப் படிந்துள்ளன. தாளில் உரசினால் அவ்வேடுகள் வழுக்கிப் பிரிகின்றன. நாம் கோடு என்பது அதுவே. போரினால் இங்கிலாந்தின் கிராபைட் பிரான்சுக்குக் கிட்டாமற்போன காலத்தில், 1795இல், கான்டே என்பவர் கிராபைட்டுத் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பென்சில் செய்தார். களிமண் மிகுந்தால் கோடு வெளிறும், குறைந்தால் கருக்கும். இதனைக் கண்டறிந்த கான்டே ஓர் ஓவியர்!

படத்தையும் பாடத்தையும் பகையாக்கியது நம் அறியாமையே. பிழைக்க வந்த இடத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றையும் நம்ப அஞ்சுகிறோம். அவ்வச்சத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறோம்.

கிழித்த தாளை ஒட்டவைக்க இயலாது. கோடிடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். முதற்பக்கத்தில் அவன் வரைந்தது கரி எஞ்சின். அதன் வாயிலில் பாட்டனார்.

கூடத்தின் காட்சிகள் அவ்வப்போது மாறும். அன்பர்கள் விசாரித்துக்கொண்டு, தம் மக்களுடன் ஒருமுறை சென்று வருவார்களாக.