படிப்பு ஏறலீங்க

தாராபுரத்திலிருந்து கரூர் போகிற சாலையில் இருக்கிறது மூலனூர். திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன்தான் ஞாபகத்துக்கு வரும். மூலனூர்ப் பக்கம் போனால் கண்ணில் படுவது மானாவாரிக் காடு, பருத்தி, முருங்கை, ஆட்டுப்பட்டி. 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும்வரை இது ஈரோட்டுக்குள் இருந்த ஊர். பருத்தி ஏலமும் முருங்கைக்காய் விலையும் இல்லாவிட்டால் வெளியூர்ப் பத்திரிகைகளில் இதன் பெயரே வராது. கம்பெனி இங்கே பெரும்பாலும் வேனாகத்தான் வருகிறது. விடிந்ததும் ஊர் ஊராக நின்று, நூல் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே சாலையில் பள்ளிப் பிள்ளைகளோடு டவுன் பஸ் போகும்.

ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவில் சில பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து வேனுக்கு மாறிவிடுகிறார்கள். வீட்டில் கேட்டால் கொங்குநாடு முழுக்க ஒரே பதில்தான்: "பையனுக்குப் படிப்பு ஏறலீங்க, கம்பெனிக்கு அனுப்பிட்டோம்." சட்டமும் பெரிதாகத் தடுப்பதில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது முடிந்த பிள்ளைகளை ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் சேர்க்கக் கூடாது.

பெருநகரத்தில் பள்ளிக்கூடம் பிடிக்காமல் வாடுகிற பிள்ளையை, வசதி இருந்தால், மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போகிறார்கள். இந்தப் பக்கம் அந்த வாட்டம் நேரே வேலையாக மாறிவிடுகிறது. மனநலக் கணக்கு எதிலும் அது ஏறாது. 'இடைநிற்றல்' என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் 'வறுமை' என்று போட்டுவிடுவார்கள். வறுமை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே தெருவில், ஒரே மாதிரி வருமானமுள்ள இரண்டு வீடுகளில் ஒரு பிள்ளை ப்ளஸ் டூ முடிக்கிறது, இன்னொன்று வேன் ஏறுகிறது. அந்த வித்தியாசத்தில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். மைக்கேல் ரட்டர் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லண்டன் நகரின் 12 மேல்நிலைப் பள்ளிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1979-இல் ஒரு நூலாக வெளியிட்டார். நூலின் பெயர் 'பதினைந்தாயிரம் மணி நேரம்'. ஒரு குழந்தை பள்ளிக்கூடத்துக்குள் செலவழிக்கிற மொத்த நேரம் அது. வீட்டுச் சூழலும் வரும்போதிருந்த திறனும் ஒரே மாதிரியான பிள்ளைகள்கூட, எந்தப் பள்ளியில் போய் விழுந்தார்கள் என்பதைப் பொறுத்து நடத்தையிலும் வருகையிலும் தேர்ச்சியிலும் வேறு வேறாக வந்தார்கள். கட்டடம் புதிதா பழசா, பள்ளி பெரிதா சிறிதா என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. பாராட்டுகிற பழக்கம், பிள்ளைகளுக்குப் பொறுப்பு கொடுப்பது, ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவது போன்ற அன்றாட விஷயங்கள்தான் தீர்மானித்தன. 1997-இல் மைக்கேல் ரெஸ்னிக் குழு 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பதின்பருவத்தினரின் தகவலை அலசியபோதும் இதே திசையில்தான் விடை வந்தது. மனத்துயர், தற்கொலை எண்ணம், வன்முறை, போதை என்று எதை எடுத்தாலும், குடும்பத்தோடு உள்ள ஒட்டுதலுக்கு அடுத்தபடியாகப் பிள்ளையைக் காத்தது 'இது என் பள்ளிக்கூடம்' என்ற உணர்வு.

இந்த வயதில் அந்த உணர்வுக்கு ஏன் இவ்வளவு கனம்? ஹார்வர்டின் லியா சோமர்வில் செய்த ஒரு சோதனை இதைக் கொஞ்சம் விளக்குகிறது. 8 முதல் 23 வயது வரையிலானவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, "இப்போது உன் வயதுள்ள ஒருவர் கேமரா வழியாக உன்னைப் பார்க்கிறார்" என்று சொன்னார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. யாரும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. வெறுமனே பார்க்கிறார் என்ற நினைப்பே பதின்பருவத்தினருக்குக் கூச்சத்தை ஏற்றியது. தோலில் வியர்வை கூடியது. தன்னைப் பற்றி யோசிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி அந்த வயதில்தான் உச்சத்துக்குப் போனது. 2013-இல் வெளியான ஆய்வு இது.

சும்மா பார்த்ததற்கே இந்தப் பாடு. நம் வகுப்பறையில் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கொடுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பெயர் சொல்லி, மார்க் சொல்லி, நாற்பது பேர் முன்னால் வாங்கிப் போகச் சொல்கிறோம். குறைந்த மார்க் வாங்கியவனிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறோம், மற்றவர்கள் சிரிப்பதற்கும் இடம் விட்டு. பிறகு அவனை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் எழுதி, தனியாக உட்கார வைத்து, பி.டி. பீரியடையும் பிடுங்கிக் கணக்கு நடத்துகிறோம். பந்தை உதைப்பதில் மட்டும் அந்தப் பையன் வகுப்பிலேயே முதல் ஆளாக இருந்திருப்பான். வாரத்தில் அவன் ஜெயிக்கக்கூடிய ஒரே நேரமும் போய்விட்டது.

இதை அரசும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2016 வரை ப்ளஸ் டூ முடிவு வரும் நாளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம், வாயில் லட்டு ஊட்டுகிற படம் என்று ஊரே அமளிப்படும். 2017-இல், கோபிச்செட்டிபாளையத்துக்காரரான கே.ஏ. செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தபோது, ரேங்க் பட்டியல் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. சமீப காலத்தில் பதின்பருவத்தினர் மனநலத்துக்காகத் தமிழ்நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன் (அந்த 'முதலிடம்' இங்கே மட்டும் இருக்கட்டும்). ஆனால் மாநிலப் பட்டியல் போனதே தவிர, பள்ளி வாசலில் மார்க்கோடு முகம் போட்ட ஃப்ளெக்ஸ் போகவில்லை. வகுப்புக்குள் மார்க் வாசிப்பதும் போகவில்லை.

நாமக்கல் கதையையும் சொல்லாமல் விட முடியாது. மூலனூர், வெள்ளக்கோவில், காங்கேயம் பக்கத்துக் காசு உள்ள வீடுகள் பிள்ளைகளை அங்கே விடுதிப் பள்ளிகளில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அந்த வகைப் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே அரைப்பார்கள். அதைத் தடுக்க 2017-18 கல்வியாண்டிலிருந்து ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மொத்த மார்க்கும் 1200-லிருந்து 600 ஆனது. நோக்கம் சரிதான். விளைவு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டது. பழைய தந்திரம் திரும்ப வருமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

தேர்வு தரும் பதற்றத்துக்கு எண்ணிக்கையே இருக்கிறது. 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுக்க 3.79 லட்சம் மாணவர்களிடம் மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். பேசப்படாமல் போன இன்னொரு விஷயமும் அதில் உண்டு. நடுநிலை வகுப்பிலிருந்து உயர்நிலைக்குப் போகும்போது, சொந்த வாழ்க்கையிலும் சரி, பள்ளி வாழ்க்கையிலும் சரி, திருப்தி குறைந்துகொண்டே வருகிறது.

விடுதிப் பள்ளியின் விடியற்காலை ஸ்டடி அவர் இதில் இன்னொரு பாரம். பருவமடையும் வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் தள்ளிப்போகிறது. மெலடோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்குவதால் பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி இதுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் மேல்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். 'கூடுதல் நேரம் கிடைத்தால் இன்னும் லேட்டாகத்தான் படுப்பார்கள்' என்று பெரியவர்கள் சொன்னது பலிக்கவில்லை. மாணவர்கள் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆய்வு செய்த இரண்டு பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் அதிகமிருந்த பள்ளியில் வருகையும் கூடியது. காலை ஸ்பெஷல் கிளாஸுக்காக முதல் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கிராமத்துப் பிள்ளைக்கு இந்த ஆய்வு யாருக்கோ நடந்த செய்தி இல்லை.

சரி, மகிழ்ச்சியையே ஒரு பாடமாக வைத்தால்? டில்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' வந்தது. பிரிட்டனில் இன்னும் கறாராகச் சோதித்தார்கள். 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து மனநிறை தியானம் கற்பித்தார்கள், மீதியில் வழக்கமான வகுப்பு. 2022-இல் வந்த முடிவைப் பார்த்தால், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. இன்னொரு ஹோம்வொர்க் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது.

வேலை செய்த முயற்சியும் ஒன்று இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டத்தைச் சங்காத் அமைப்பினர் நடத்தினார்கள். முடிவு 2018-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பள்ளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் வெளியிலிருந்து ஓர் ஆள் பள்ளிக்கு வந்தார். உளவியல் நிபுணர் இல்லை, இதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர். இரண்டாவது குழுவில் அதே பயிற்சியை அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். மூன்றாவதில் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும். வந்தவர் செய்தது என்ன? காலை இறைவணக்கக் கூட்டத்தில் பேசினார். சுவர்ப் பத்திரிகை போட வைத்தார். மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார். அடிக்காமல் வகுப்பை நடத்துவது பற்றி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினார். தேவைப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆண்டு முடிவில் அளந்தபோது மனச்சோர்வு அறிகுறியும், ஒருவரையொருவர் சீண்டுவதும் அடிதடியும் அந்தப் பள்ளிகளில் குறைந்திருந்தன. ஆசிரியர்களோடும் பள்ளியோடும் உள்ள உறவு நன்றாக மாறியிருந்தது. இரண்டாம் ஆண்டில் பலன் இன்னும் கூடியது.

ஆசிரியர் நடத்திய குழுவில் பலன் தெரியவில்லை. ஆசிரியர்கள் மோசம் என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. பாடம் நடத்தி, மார்க் போட்டு, தண்டனையும் கொடுத்து, மதிய உணவுக் கணக்கும் பார்த்து, செயலியில் வருகையும் ஏற்றுகிற அதே மனிதரிடம் போய் "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு சார்" என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும் என்பதுதான் என் சந்தேகம். அவருக்கும் கேட்க நேரம் எங்கே?

நம் அரசுப் பள்ளிகளிலும் அதே மாதிரி ஒரு பெட்டி உண்டு. 'மாணவர் மனசு' என்று பெயர். பள்ளிகளில் பாலியல் புகார்கள் அடுத்தடுத்து வெளிவந்த பிறகு வைத்தது. பக்கத்தில் 1098, 14417 என்ற உதவி எண்களும் எழுதியிருக்கும். நாளந்தாவில் பெட்டியைத் திறந்து படித்துவிட்டு எதையாவது செய்வதற்கென்றே ஓர் ஆள் பள்ளியில் இருந்தார். இங்கே பல மாவட்டங்களுக்குச் சேர்த்துச் சுற்றிவரும் ஆலோசனை வேன், ஒரு பள்ளிக்கு எப்போதாவது வரும். பெட்டிக்குச் செலவு செய்ததில் கொஞ்சம் ஆளுக்கும் செய்திருக்கலாம்.

இன்னொரு முக்கியமான இடம் பள்ளி மாறுகிற பருவம். கிராமத்து ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் பெரிய ஊருக்கு வருகிற பிள்ளை, பழைய பள்ளியில் சத்துணவு ஆயாவுக்குக்கூடப் பெயர் தெரிந்த பிள்ளை. புதுப் பள்ளியில் அது வருகைப் பதிவேட்டில் ஓர் எண். ப்ளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளி போகும்போது மறுபடியும் அதே கதை. திருப்பூர்ப் பக்கம் ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு. அமெரிக்காவின் மாடிசன் நகரில் 11 பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 1,304 பிள்ளைகளிடம் மிக எளிய ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 'ஆரம்பத்தில் எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது, கொஞ்ச நாளில் சரியாயிற்று' என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்க வைத்து, தங்கள் மனதில் உள்ளதை எழுதச் சொன்னார்கள். ஓரிரு வகுப்பு நேரம்தான். அந்த ஆண்டில் விடுப்பு 12 சதவீதம் குறைந்தது, ஒழுங்கு நடவடிக்கைகள் 34 சதவீதம் குறைந்தன. தமிழ்நாட்டில் 2024-இல் வந்த 'மகிழ் முற்றம்' திட்டத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழு பிரிப்பதும் இந்த வழியில் போகக்கூடியதுதான். குழுவில் மூத்த பிள்ளை புதுப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். புள்ளிப் பட்டியல் போட்டு இன்னொரு ரேங்க் ஆக்கிவிடாமல் இருக்க வேண்டும்.

வேன் ஏறிய பையனுக்குக் கம்பெனியில் என்ன கிடைக்கிறது என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை சம்பளம், உண்மைதான். அதோடு, அவன் ஒரு நாள் வரவில்லை என்றால் டேபிளில் வேலை நின்றுபோகும், யாராவது போன் போட்டு "ஏன் கண்ணு வரல?" என்று கேட்பார்கள். வீட்டில் அவன் காசில் அரிசி வாங்குகிறார்கள். கம்பெனியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று வருடம் மில் விடுதியில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று பெண் பிள்ளைகளைச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் அடைத்து வைத்த கதையும் இதே வட்டாரத்தில் நடந்ததுதான். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அந்தப் பிடியைத் தளர்த்த உதவும். ஆனால் அது கல்லூரிக்குப் போன பிறகுதான் கையில் வரும். ஒன்பதாம் வகுப்பில் வாடுகிற பிள்ளைக்கு அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றிப் பள்ளியில் செயலிக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வீட்டுக்கு யார் போவது, போய் என்ன கேட்பது என்பதை ஒவ்வொரு பள்ளியும் ஜூன் முதல் வாரத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம். இதற்கு அரசாணை தேவையில்லை. மார்க்கைச் சத்தமாக வாசிக்காமல் பேப்பரை மடித்துக் கொடுப்பதற்கும் தேவையில்லை. ஒன்றியத்துக்கு ஓர் ஆலோசகராவது அமர்த்தத்தான் அரசு பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை, பிள்ளையின் பேச்சிலோ தூக்கத்திலோ சாப்பாட்டிலோ மாற்றம் கண்டு பயப்படுகிற பெற்றோர் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.