போடி ஏலக்காய் விலையை ஆப்புக்குள் கொண்டுவருவது எப்படி? நாலே படியில் ‘ஏபிஐ’ ரெடி... ஆனா உஷார்!

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தின் முடிவுகளை நறுமணப் பொருட்கள் வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஏலம் நடந்த தேதி, ஏல நிறுவனம், எத்தனை லாட், வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை என எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கும்.

மனுஷன் படிக்க இது போதும். ஆனால், ‘சராசரி விலை ஏறினா எனக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வரணும்’ என்று ஒரு வியாபாரி கேட்டால்? ஆப்புக்குப் பட்டியலைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கண் கிடையாது. அதற்குத் தகவலை ஒழுங்கான வடிவத்தில் நீட்ட ஒரு ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னல்தான் ஏபிஐ.

இப்படி ஒரு ஆப்பை நாமே கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஏபிஐ எழுத எத்தனை நாள் ஆகும்? அடிப்படை வேலைக்கு ஒரு மதியம் போதும்.

பத்திரிகை ஆபீஸில் பிறந்த ஜாங்கோ

பைத்தான் மொழியில் இயங்கும் ‘ஜாங்கோ’, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு’ நாளிதழின் இணையப் பிரிவில் உருவானது. செய்தி அறையின் டெட்லைனுக்குள் தளங்களைக் கட்டி முடிக்க வேண்டிய நெருக்கடிதான் காரணம். 2005-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் மேல் ஏபிஐ கட்டுவதற்காக டாம் கிறிஸ்டி உருவாக்கியது ‘ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்’.

நாலு படி என்னென்ன?

1. மாடல்: டேட்டாபேஸில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று ஒரு கிளாஸில் எழுதுகிறோம். தேதிக்கு ஒன்று, லாட் எண்ணிக்கைக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. பணத்துக்கு எப்போதும் ‘டெசிமல்’ வகைதான். ‘ஃப்ளோட்’ போட்டால் பைசா கணக்கு பிசகும்.

2. சீரியலைசர்: டேட்டாபேஸ் வரிசையை ‘ஜேசான்’ வடிவத்துக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர். ‘மாடல் சீரியலைசர்’ என்ற வகையைப் பயன்படுத்தினால், அதுவே மாடலைப் பார்த்துக் கட்டங்களையும் விதிகளையும் எடுத்துக்கொள்ளும். விலை இருக்க வேண்டிய இடத்தில் ‘நல்ல விலை’ என்று யாராவது அனுப்பினால், தவறு என்று திருப்பி அனுப்பிவிடும்.

3. வியூசெட்: ‘மாடல் வியூசெட்’ என்று ஒரு கிளாஸ், உள்ளே இரண்டே வரி. பட்டியல் காட்டுவது, ஒன்றை மட்டும் காட்டுவது, சேர்ப்பது, முழுசா மாற்றுவது, கொஞ்சம் மாற்றுவது, அழிப்பது என ஆறு வேலையும் தயார்.

4. ரவுட்டர்: இந்த ஆறு வேலைக்கும் இணைய முகவரிகளைத் தானே உருவாக்கிக் கொடுக்கும்.

அவ்வளவுதான். நாலும் சேர்த்து முப்பது வரிகூட தாண்டாது.

சிக்கல் எங்கே?

அந்த ஆறு வேலையில் ‘அழிப்பது’ என்று ஒன்று இருந்ததே, கவனித்தீர்களா? அங்கேதான். இந்த ஃபிரேம்வொர்க்கின் இயல்பு அமைப்பே ‘யாரும் வரலாம்’ என்பதுதான். நீங்கள் தனியாக அனுமதி விதி எழுதாவிட்டால், லாகின் செய்யாத ஆள்கூட விலையை மாற்றலாம், அழிக்கலாம்.

இதே நாலு படியில் முல்லைப் பெரியாறு நீர்மட்டத்துக்கும் ஒரு ஏபிஐ கட்டலாம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அங்கே 142 அடி வரை தேக்கலாம். யாரோ ஒருத்தர் வெளியிலிருந்து 130-ஐ 142 என்று மாற்றிவிட்டால், மலையின் இரண்டு பக்கமும் வீண் பதற்றம்தான்.

தீர்வு ஒரே வார்த்தை மாற்றம். பார்க்க மட்டும் அனுமதிக்கும் ‘ரீட் ஒன்லி மாடல் வியூசெட்’டைப் போடுங்கள். தகவல் சேர்க்கும் வேலையை லாகின் உள்ள அட்மின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆல்’ என்று போடாதீங்க!

சீரியலைசரில் எந்தக் கட்டங்களைக் காட்டணும் என்று சொல்லும் இடத்தில், சோம்பலில் பலரும் ‘ஆல்’ என்று எழுதிவிடுவார்கள். இன்றைக்கு விலை மட்டும் இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஆறு மாசம் கழித்து டீமில் இன்னொருவர் அதே மாடலில் விவசாயியின் செல்போன் எண்ணைச் சேர்க்கிறார். அந்த நிமிஷமே அது ஏபிஐயிலும் வெளியே வந்துவிடும். யாரும் திட்டமிட்டுக் கசியவிடவில்லை, ஆனாலும் கசிந்துவிட்டது.

இந்த வகை ஓட்டை, ‘ஓவாஸ்ப்’ அமைப்பின் 2023 ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே, காட்ட வேண்டிய கட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.

இன்னொன்று, பக்கம் பிரிப்பது. இதுவும் தானாக நடக்காது. பல வருஷ ஏல விவரம் மொத்தமும் ஒரே அடியில் இறங்கினால், மலைத்தோட்டத்தில் ஒரு கோடு சிக்னலில் நிற்பவரின் போன் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்துக்கு 50 வரிசை என்று செட்டிங்ஸில் சொல்லிவிடுங்கள்.

லைவ் போடும் முன்...

லாகின் செய்யாமல் ஒரு வரிசையை அழிக்க முயன்று பாருங்கள். அழிந்துவிட்டால், ஏபிஐ இன்னும் ரெடி இல்லை என்று அர்த்தம்.