கற்பிப்போர் எழுதவேண்டிய மாலைக் கணக்கு

ஆசிரியப் பணிக்கு வருவோரிடம், "உமது கற்பித்தற் கோட்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதித் தருக" என்று கேட்கும் வழக்கம் கல்வி நிறுவனங்கள் பலவற்றில் உண்டு. இறையியல் பயிற்றுவிப்போர்க்கும் இப்பயிற்சி நலம் பயப்பதேயாம். ஆயினும், பெரும்பாலும் எழுதப்படுவது யாது? "மாணாக்கரை மையமாகக் கொண்டு கற்பிக்கிறோம்" என்பன போன்ற தொடர்களே. இவை பொய்யல்ல, ஆனால் யார் கையொப்பமிட்டாலும் இவை பொருந்திவிடும். அதுவே இவற்றின் குறை.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் விற்பவர் கூறும் புகழுரையை மட்டும் நம்பி எவரும் மாடு பிடிப்பதில்லை. பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டும் பார்ப்பர். நம் கோட்பாட்டையும் வகுப்பில் நடக்கவிட்டுப் பார்த்தல் தகும்.

அவ்வூரைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் பாடுபடும் மக்கள் கூடிய வேதபாட வகுப்பொன்றில், விதைப்பவன் உவமையை நாம் ஒரு மணி நேரம் விளக்கினோம். பாறை நிலம், முள் நிலம், நல்ல நிலம் என வகுத்துரைத்தோம். முடிவில் முதியவர் ஒருவர், "விதைக்கிறவங்க நாங்க இருக்கோம், ஐயா, எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கலந்துரையாடலே நம் முறை என்று நாம் எழுதி வைத்திருந்த தாள் அன்று நமக்கு எதிராகவே சாட்சி கூறிற்று.

இத்தகைய தன்னாய்வுக்குத் திருச்சிராப்பள்ளித் திருச்சபை வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. 1760-களில் அங்குப் பணியாற்றி, 1766-இல் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பிய ஷுவார்ட்ஸ் ஐயர், காலையில் உபதேசியார்களைக் கூட்டி மன்றாடி, அவரவர் செல்லவேண்டிய இடங்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, அன்று நடந்தவற்றை அவரிடம் எடுத்துரைப்பர். காலையில் கொண்ட நோக்கம் மாலையில் சொல்லும் செய்தியால் சோதிக்கப்பட்டது.

கற்பித்தற் கோட்பாடும் அத்தகைய மாலைக் கணக்காய் அமைதல் வேண்டும். அதனை எழுத நான்கு வினாக்கள் போதும். கற்றல் எவ்வாறு நிகழ்கிறதென நம்புகிறோம்? கற்போரிடம் எம்மாற்றத்தை நாடுகிறோம்? அதற்காக வகுப்பில் என்ன செய்கிறோம்? அது பயன் தந்ததென எதனால் அறிகிறோம்? ஒவ்வொரு விடைக்கும் நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சான்றாகச் சேர்த்தல் வேண்டும். சான்று கிடைக்காத வாக்கியத்தை நீக்கிவிடலாம். அன்றேல், 'இனிச் செய்ய முயல்வது' என்று மாற்றி எழுதலாம். தவறியதையும் மறைக்காது குறித்தல் நன்று. ஆண்டுக்கொருமுறை அதனைத் திருத்துதலும் வேண்டும்.

போதகராக விழைவோர் மிகுதியான தீர்ப்புக்கு உட்படுவர் என யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக். 3:1). அவ்வெச்சரிக்கையை மனத்திற்கொண்டு நம் தாளில் ஒரு வரியை அடித்து, "பாடப்பகுதியை வாசித்தபின், விளக்குமுன், கற்போர் அதைப்பற்றி அறிந்ததைக் கேட்போம்" என்று எழுதினோம். முன்னைய வரியினும் இது எளியது. ஆனால் கடைப்பிடித்தோமா இல்லையா என்பதை அம்முதியவரே சொல்லிவிட முடியும்.